இன்டெல் ஆர்க் ஏ380: வீட்டு மீடியா சர்வருக்கு நல்ல கார்டு, பதிவுக் கோப்பைப் படிக்கத் தெரிந்தால்

கல்யாண வீடியோ எடுப்பவர்களில் பலர் இப்போது 4கே-யில் எடுத்து ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஐபோன் 12 வந்ததிலிருந்து, வீட்டில் குழந்தை தவழ்வதை எடுத்தால்கூட அது டால்பி விஷன் ஹெச்டிஆர் கோப்பாகத்தான் சேர்கிறது. இவற்றையெல்லாம் ஒரு பழைய கணினியில் ஏற்றி, ஜெல்லிஃபின் மென்பொருளைப் போட்டு, வீட்டில் எந்தத் திரையிலும் பார்க்கும்படி வைத்திருப்பவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். ஹாலில் உள்ள புது டிவியில் எந்தக் கோப்பும் சிக்கலில்லாமல் ஓடும். பழைய டேப்லெட்டில் போட்டாலோ, ஊரில் இருக்கும் அப்பா அம்மா மெதுவான இணையத்தில் பார்க்க முயன்றாலோதான் சோதனை தொடங்குகிறது. அந்தக் கருவிக்குப் புரியும் வடிவத்துக்கு, அந்த இணைப்பு தாங்கும் அளவுக்கு, சர்வர் வீடியோவை அங்கேயே அப்போதே மாற்றிக் கொடுக்க வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங்.

என் சர்வரில் இருப்பது ரைசன் 5 3600 பிராசசர். ஆறு கோர் இருந்தும், 4கே ஹெச்டிஆர் கோப்பு ஒன்றை 1080பி-க்கு மாற்றச் சொன்னால் மொத்தமும் நூறு சதவீதத்தில் ஓடி, அப்படியும் படம் நின்று நின்றுதான் வரும். அதனால்தான் இன்டெல் ஆர்க் ஏ380 கார்டைப் போட்டேன். 2022-இல் வந்த கார்டு, 6 ஜிபி நினைவகம், 75 வாட். கேம் ஆடுபவர்கள் இதைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. வீடியோவை மாற்றுவதற்கென்றே தனியாக இரண்டு மீடியா எஞ்சின்கள் இதில் இருக்கின்றன. ஏவி1 வடிவத்தை வன்பொருளிலேயே உருவாக்கும் வசதி, கடையில் கிடைக்கும் கார்டுகளில் முதன்முதலாக இந்த ஆர்க் வரிசையில்தான் வந்தது.

உங்களிடம் இருப்பது கிராபிக்ஸ் உள்ளடங்கிய இன்டெல் பிராசசர் என்றால் இந்தக் கார்டை வாங்காதீர்கள். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய எதுவாக இருந்தாலும் அதிலுள்ள குவிக் சிங்க் என்ற வீடியோ மாற்றும் வசதியே ஒரு குடும்பத்துக்குப் போதும். மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. என்னைப் போல உள்ளே கிராபிக்ஸ் இல்லாத ரைசன் வைத்திருப்பவர்களுக்கும் எஃப் மாடல் வைத்திருப்பவர்களுக்கும்தான் இந்தக் கார்டு பொருந்தும்.

கார்டைச் செருகி, ஜெல்லிஃபினில் குவிக் சிங்க்கைத் தேர்ந்தெடுத்து, ஒரு படத்தைப் போட்டால் ஓடிவிடும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். நடப்பது என்னவென்றால், பிளேயரில் பிழை என்று ஒற்றை வரி வந்து படம் நின்றுவிடும். உடனே கார்டு பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அவசரப்படாதீர்கள். கார்டிலிருந்து திரை வரை கெர்னல், ஃபர்ம்வேர், கருவிக் கோப்பு, ஜெல்லிஃபின் ஓடும் டாக்கர் கன்டெய்னர், வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக், பார்க்கும் செயலி என்று வரிசையாகப் பல கைகள் மாறித்தான் வீடியோ போகிறது. இதில் ஒன்று தவறினாலும் கடைசியில் தெரிவது அதே பிழைதான். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் எந்த இடம் என்று பிடித்துவிடலாம்.

முதலில் கெர்னல். என் சர்வரில் ஓடுவது டெபியன் 12. அதன் கெர்னல் 6.1. ஆர்க் கார்டுகளுக்கான ஆதரவு கெர்னல் 6.2-இல்தான் தானாக இயங்கும் நிலைக்கு வந்தது. அதனால் 6.1-இல் கணினி கார்டை அடையாளம் காணும், பட்டியலிலும் காட்டும், ஆனால் டிரைவர் அதை ஏற்காது. கெர்னல் பதிவைப் பார்த்தால் விஷயம் வெளிப்படையாகவே எழுதியிருக்கும்: 56ஏ5 என்ற இந்தக் கருவிக்கு இந்தக் கெர்னலில் முறையான ஆதரவு இல்லை, கட்டாயப்படுத்த வேண்டுமானால் இன்ன அளவுருவைக் கொடு, அதைவிடக் கெர்னல் புதுப்பிப்பு உண்டா என்று பார்ப்பது நல்லது. 56ஏ5 என்பது ஏ380-இன் அடையாள எண். கட்டாயப்படுத்துவதைவிட பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலைப் போடுவதே சரி. இது டெபியனின் குற்றமும் அல்ல. நிலைத்தன்மைக்காகப் பழைய கெர்னலை வைத்திருப்பது அவர்கள் அறிந்தே செய்வது. டெபியன் 13-இல் கெர்னல் 6.12, உபுண்டு 24.04-இல் 6.8. புதிதாக நிறுவுகிறவர்களுக்கு இந்தப் படி வராது.

அடுத்தது ஃபர்ம்வேர். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு இதை மறந்துவிடுவது சகஜம். ஆர்க் கார்டுகளில் வீடியோவை உருவாக்குவது லோ பவர் முறையில் மட்டுமே நடக்கும். அதற்கு ஹெச்யுசி என்ற ஃபர்ம்வேர் ஏறியிருக்க வேண்டும். கெர்னல் பதிவில் ஹெச்யுசி என்று தேடினால், சரிபார்த்து ஏற்றப்பட்டதா என்று ஒரு வரியில் சொல்லும். அந்த வரி இல்லையென்றால் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி மறுபடி பூட் செய்ய வேண்டும். இந்த இரண்டும் முடிந்தால் டெவ் அடைவுக்குள் டிஆர்ஐ என்ற துணை அடைவில் ரெண்டர் டி128 என்ற கருவிக் கோப்பு தோன்றும். அது தெரியும்வரை ஜெல்லிஃபின் அமைப்புகளைத் தொடுவதில் பயனில்லை. ஏற்கெனவே உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் கணினியில் ஆர்க்கைச் சேர்த்தால் டி128, டி129 என்று இரண்டு வரும். எது எந்தக் கார்டு என்பது இடம் மாறலாம். அருகிலேயே இருக்கும் பை-பாத் அடைவு எந்த எண் எந்தக் கார்டுக்கு உரியது என்று காட்டிவிடும்.

என் அனுபவத்தில் அதிக நேரத்தை விழுங்குவது கன்டெய்னர் அனுமதிதான். அந்தக் கருவிக் கோப்பு ரெண்டர் என்ற குழுவுக்குச் சொந்தம். டாக்கரில் ஜெல்லிஃபினைப் பாதுகாப்புக்காகச் சாதாரணப் பயனராக ஓட்டினால், அந்தப் பயனர் ரெண்டர் குழுவில் இல்லை. கோப்பு உள்ளே தெரியும், திறக்க முடியாது. குழுவின் பெயரைக் கொடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் கன்டெய்னருக்குள் அந்தப் பெயர் இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் வேறு எண்ணைக் குறிக்கலாம். எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். அந்த எண் கணினிக்குக் கணினி மாறும். உங்களுடையது 105 ஆக இருக்கலாம், நண்பருடையது 992 ஆக இருக்கலாம். அவருடைய கம்போஸ் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டால் அவருக்கு ஓடுவது உங்களுக்கு ஓடாது. உங்கள் கணினியில் ரெண்டர் குழுவின் எண் என்ன என்று பார்த்து அதை எழுதுங்கள். கோப்பின் அனுமதியை எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். மறுபடி பூட் ஆனதும் அது பழைய நிலைக்குப் போய்விடும், பாதுகாப்பும் போய்விடும். அதைச் செய்யாதீர்கள்.

எல்லாம் சரியா என்று அறிய விஏஇன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கார்டு எந்தெந்த வடிவங்களைப் படிக்கும், எவற்றை எழுதும் என்ற நீண்ட பட்டியல் வர வேண்டும். வெளியில் ஓட்டினால் போதாது, கன்டெய்னருக்குள்ளும் ஓட்ட வேண்டும். ஜெல்லிஃபின் தன்னுடைய எஃப்எஃப்எம்பெக்குடன் விஏஇன்ஃபோவையும் இன்டெல் டிரைவரையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வெளியில் பட்டியல் வந்து உள்ளே வராவிட்டால், கோளாறு கார்டிலும் இல்லை, கெர்னலிலும் இல்லை, கன்டெய்னர் அமைப்பில்தான்.

இனி பதிவுக் கோப்பு. ஜெல்லிஃபின் நிர்வாகப் பக்கத்தில் பதிவுகள் என்ற பகுதியில், எஃப்எஃப்எம்பெக் டிரான்ஸ்கோடு என்று தொடங்கும் கோப்பு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று இருக்கும். திறந்தால் முதலில் கோப்பின் விவரங்கள், பிறகு நீளமான ஒரு கட்டளை. அந்தக் கட்டளையில் வீடியோ என்கோடராக என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஹெச்264 கியூஎஸ்வி என்று இருந்தால் கார்டு வேலை செய்கிறது. லிப்எக்ஸ்264 என்று இருந்தால் பிராசசர்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது, அமைப்பில் எங்கோ வன்பொருள் தேர்வாகவில்லை என்று பொருள். விஏ டிஸ்பிளே கிடைக்கவில்லை என்றோ அனுமதி மறுக்கப்பட்டது என்றோ வரி இருந்தால் மேலே சொன்ன குழு எண்ணைச் சரிபார்க்க வேண்டும். கீழே போகப் போக வேகம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டே வரும். அது 1-க்கு மேல் இருந்தால் படம் தடையின்றி ஓடும். 1-க்குக் கீழே போனால் பார்ப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். கார்டு வருவதற்கு முன் என் சர்வர் 1-ஐத் தொடத் திணறிய அதே 4கே கோப்பு, இப்போது அதை நன்றாகத் தாண்டி ஓடுகிறது. பிராசசர் விசிறி சத்தமே போடுவதில்லை.

கார்டு சும்மா இருக்கிறதே என்று கவலைப்பட வைக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இன்டெல் ஜிபியு டாப் என்ற கருவியில் வீடியோ எஞ்சின் பூஜ்யம் காட்டும், ஜெல்லிஃபினோ டிரான்ஸ்கோடிங் நடப்பதாகச் சொல்லும். பல சமயம் அங்கே மாற்றப்படுவது ஒலி மட்டும்தான். டிடிஎஸ், ட்ரூஹெச்டி ஒலியை டிவி ஏற்காவிட்டால் சர்வர் அதை ஏஏசி-க்கு மாற்றும். அது பிராசசரின் வேலை, கார்டுக்கு அதில் பங்கில்லை. வீடியோ மாற்றாமலே போய்க்கொண்டிருக்கும். அதை விட்டுவிடலாம்.

சப்டைட்டில் விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். எஸ்ஆர்டி போன்ற எழுத்துக் கோப்பு என்றால் பார்க்கும் கருவியே அதைக் காட்டிக்கொள்ளும். புளூரே வட்டில் வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் என்பது படம். அதைக் காட்டத் தெரியாத கருவிக்கு, சர்வர் அதை வீடியோவின் மேலேயே பதித்து அனுப்ப வேண்டும். வீடியோவை அப்படியே ஓட்டக்கூடிய டிவியாக இருந்தாலும், சப்டைட்டிலை இயக்கிய நொடியில் முழு டிரான்ஸ்கோடிங் தொடங்கிவிடும். தமிழ் சப்டைட்டிலைச் சர்வர் பதிக்கும்போது கட்டம் கட்டமாக வந்தால் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். கன்டெய்னருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

ஹெச்டிஆர் வீடியோவைச் சாதாரணத் திரைக்குக் கொடுக்கும்போது டோன் மேப்பிங் செய்யாவிட்டால் நிறம் வெளுத்துவிடும். அரக்குக் கூறைப் புடவை மங்கிய செங்கல் நிறத்தில் தெரியும், குத்துவிளக்கின் பித்தளை சாம்பல் பூத்திருக்கும். ஜெல்லிஃபினில் இதற்கு இரண்டு வழிகள். விபிபி என்பது இன்டெல் டிரைவரே செய்வது, ஹெச்டிஆர்10 வீடியோவுக்கு மட்டும். ஓபன்சிஎல் வழி டால்பி விஷனையும் கையாளும். ஐபோன் வீடியோ நிறைய வைத்திருப்பவர்கள் ஓபன்சிஎல்லை இயக்கி வையுங்கள். அதிகாரபூர்வ ஜெல்லிஃபின் இமேஜில் அதற்கான பகுதி உள்ளேயே இருக்கிறது. வேறு சில இமேஜ்களில் தனியாகச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் கார்டு என்னை முழுமையாகத் திருப்திப்படுத்தியது. முகூர்த்த நேரத்துக் காட்சியில் மாலையின் பூக்கள் பெரிய டிவியில் பார்த்த நிறத்துக்கு மிக அருகில் டேப்லெட்டிலும் வந்தன.

எந்த அமைப்பைத் தொட்டாலும் கார்டு படிக்காத வடிவமும் ஒன்று இருக்கிறது. அனிமே ரசிகர்கள் ஒரு காலத்தில் விரும்பிப் பயன்படுத்திய 10-பிட் ஹெச்.264 அது. அந்தக் கோப்புகளை பிராசசர்தான் படித்தாக வேண்டும்.

குறை என்று சொல்ல வேண்டியது சும்மா இருக்கும்போது இந்தக் கார்டு எடுக்கும் மின்சாரம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் சர்வரில் இது கரண்ட் பில்லில் தெரியும். பயாஸில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு அமைப்பையும் எல்1 துணைநிலைகளையும் இயக்கினால் நன்றாகக் குறையும், ஆனால் எல்லா மதர்போர்டுகளிலும் அந்த வசதி இருக்காது. வாங்குவதற்கு முன் உங்கள் போர்டின் கையேட்டில் பாருங்கள். ரீசைசபிள் பார் பற்றிக் கவலை வேண்டாம். கேமுக்குத்தான் அது பெரிய விஷயம், டிரான்ஸ்கோடிங்குக்குக் கட்டாயமில்லை. 75 வாட் கார்டுதானே என்று நினைத்து வாங்கினால் சில நிறுவனங்களின் ஏ380 மாடல்கள் தனியாக 8 பின் மின் இணைப்பு கேட்கும். பெட்டியைத் திறக்கும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

ரிச்சி தெருவில் பழைய என்விடியா கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: ஜிடி 1030 வாங்காதீர்கள், அதில் வீடியோ என்கோடரே கிடையாது. மற்ற ஜிஃபோர்ஸ் கார்டுகளில் ஒரே நேரத்தில் நடக்கும் என்கோடிங்குக்கு டிரைவரே வரம்பு வைத்திருக்கிறது. அது மூன்றாக இருந்து, 2023-இல் ஐந்தாகவும் 2024-இல் எட்டாகவும் ஏறியது. வீட்டுக்கு அது தாராளம். என்விடியாவில் அடிக்கடி வரும் கோளாறுகள் இரண்டு. கன்டெய்னருக்கு வீடியோ திறனை வெளிப்படையாகக் கொடுக்காவிட்டால் என்கோடர் நூலகத்தை ஏற்ற முடியவில்லை என்று பிழை வரும். டிரைவர் தானாகப் புதுப்பித்துக்கொண்டால், மறுபடி பூட் செய்யும்வரை டிரைவரும் நூலகமும் பொருந்தவில்லை என்று அடம்பிடிக்கும். நேற்றுவரை ஓடியது இன்று திடீரென்று நின்றால் முதலில் அதைப் பாருங்கள்.

கார்டு எதுவாக இருந்தாலும், எல்லாம் சரியாக இருந்தும் படம் பாதியில் நின்றால் டிரான்ஸ்கோடிங் கோப்புகள் சேரும் வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பழைய கணினியைச் சர்வராக வைத்திருப்பவர்களுக்கு ஏ380 நல்ல தேர்வு, தயங்காமல் வாங்கலாம். இதே வேலையைச் செய்யும் பிளெக்ஸ் மென்பொருளில் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்குப் பணம் கட்ட வேண்டும். 2018 இறுதியில் எம்பி என்ற மீடியா சர்வர் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த ஜெல்லிஃபினில் அது இலவசம், அதை நடத்துவது தன்னார்வலர்கள். அவர்களிடம் உதவி கேட்கும்போது ஓடவில்லை என்று மட்டும் எழுதாமல், கெர்னல் எண்ணையும் முழு எஃப்எஃப்எம்பெக் பதிவுக் கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.