ஹெரால்டுக்கு டிஸ்க் பிரேக் தேவையா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு திருகைக்கூட மாற்றக் கூடாது என்பது ஒரு கட்சி. வண்டி என்றால் ஓட வேண்டும், ஓட வேண்டுமானால் இன்றைய சாலைக்கேற்ற பிரேக் வேண்டும் என்பது மற்றொன்று. முன்சக்கரத்து டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டும் பேச்சு எழுந்தால் போதும், இரண்டும் மல்லுக்கு நிற்கும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வைத்து இந்தச் சண்டையைப் பார்த்தால் இரு தரப்பும் கொஞ்சம் அடங்க வேண்டியிருக்கும்.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்த டிரையம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு அது. உருவம் ஒன்று, சேசிஸ் ஒன்று. பிரேக் மட்டும் பிற்பாடு வேறாகிவிட்டது. இங்கிலாந்தில் 1963-இல் வந்த 12/50 மாடலுக்கு முன்சக்கர டிஸ்க் தொழிற்சாலையிலேயே இயல்பாகப் பொருத்தப்பட்டது. 1967-இன் 13/60-க்கும் அப்படியே. வண்டலூர் ஹெரால்டு நான்கு சக்கரத்திலும் டிரம்மோடு ஓடியது. ஃபியட் 1100-இன் இந்திய வடிவமான பத்மினியின் கதையும் இதுதான். இத்தாலியில் 1966-இல் ஃபியட் 1100 ஆர் முன்சக்கர டிஸ்க்கோடு வெளிவந்தது; பம்பாயில் அதற்கு முந்தைய டிரம் வண்டியே தொடர்ந்தது. போட்டிக்கு ஆள் இல்லாத சந்தையில் செலவு வைக்கும் மாற்றத்தை எந்த முதலாளி வலிய வந்து செய்வார்?

ஆகவே 'மூல வடிவம்' என்ற வாதம் இங்கே அவ்வளவு வலுவானதல்ல. ஹெரால்டுக்கு டிஸ்க் அந்நியச் சரக்கில்லை. அதை வடிவமைத்த கைகளே மாட்டிப் பார்த்து விற்ற பொருள். இந்தியச் சந்தைக்கு மறுக்கப்பட்டதை இன்று கொடுப்பது வண்டியின் இயல்பைக் கெடுப்பதாகாது.

ஆனால் டிஸ்க் மாட்டினால் வண்டி 'டக்கென்று' நிற்கும் என்று நம்பிப் பணத்தை எடுத்து வைப்பவர்களிடம் ஒரு கணக்கைக் காட்ட வேண்டும். வண்டியைக் கடைசியில் நிறுத்துவது பிரேக் அல்ல, டயர். சக்கரத்தை அடைத்து நிறுத்தும் வலு நல்ல நிலையில் உள்ள டிரம்முக்கே உண்டு. அடைத்துவிட்டால் அதற்குமேல் டிஸ்க் என்ன செய்யும்? மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி, உராய்வுக் குணகம் 0.7 உள்ள டயரோடு நிற்கச் சுமார் 36 மீட்டர் வேண்டும். அதே வண்டிக்கு 0.85 பிடிப்புள்ள நல்ல ரேடியல் டயர் போட்டால் 30 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆறு மீட்டர் என்பது ஒன்றரை கார் நீளம். அந்த மிச்சம் டயர் கடையில் கிடைக்கிறது, டிஸ்க்கில் அல்ல. பத்து வருஷத்துக்கு முந்தைய, பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரோடு வந்து டிஸ்க் கிட் விலை விசாரிப்பவர்களைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

அப்படியானால் டிஸ்க்கின் பெருமை எதில்? சூட்டைத் தாங்குவதில்.

1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றதற்கு டன்லப் டிஸ்க் பிரேக் பெரிய காரணம். டிஸ்க் அன்று ஒருமுறை நன்றாக நிறுத்தியதால் அல்ல. சுற்றுக்குச் சுற்று, மணிக்கணக்காக, முதல் தடவை போலவே நிறுத்தியதால். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். மூடிய பெட்டி என்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கிறது. சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும். மழைத் தண்ணீர் பட்டாலும் ஓரிரு சுற்றில் உதறிவிடும். வெள்ளத்தில் இறங்கி ஏறிய டிரம் வண்டியை ஓட்டியவர்களுக்கு இந்த ஒன்றின் அருமை தெரியும்.

நம் ஊரில் இதற்கு லெ மான் கல்லட்டி மலைப்பாதை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தச் செங்குத்தான வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1 கோடியே 8 லட்சம் ஜூல். அதே வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்த 2.7 லட்சம் ஜூல் போதும். அதாவது இடைவிடாமல் 40 முறை நிறுத்தியதற்குச் சமமான சூடு. இதில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும், கீழ் கியரில் இறங்கினால். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் அத்தனையும் பிரேக்கின் தலையில்தான். இப்படி மலை இறங்குபவருக்கு டிஸ்க் ஆடம்பரமே அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெரினா வரை போய்த் திரும்புகிறவருக்கு அதன் அருமை கடைசி வரை தெரியப் போவதில்லை.

இனி பட்டறைக்குள் போவோம், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பத்மினிக்கு மாருதியிலிருந்து கழற்றிய காலிபரையும் டிஸ்க்கையும், லேத்தில் கடைந்த அடாப்டர் வைத்து மாட்டியிருந்தார்கள். வேலை பார்வைக்கு அழகு. பெடலை மிதித்தால் பாதி வழி வரை ஒன்றுமில்லை, பிறகுதான் பிடித்தது. ஏர் இருக்கிறது என்று மெக்கானிக் திரும்பத் திரும்ப ஏர் எடுத்தார். பையன் பெடலை மிதித்துப் பிடிக்க, இவர் நிப்பிளைத் திறக்க, டியூபில் வந்ததெல்லாம் குமிழ் இல்லாத சுத்தமான ஆயில். குற்றம் ஏரில் இல்லை, மாற்றாமல் விட்ட மாஸ்டர் சிலிண்டரில். டிரம்மின் வீல் சிலிண்டர் பிஸ்டன் 22 மில்லிமீட்டர் குறுக்களவு என்றால் காலிபர் பிஸ்டன் 48 மில்லிமீட்டர். பரப்பு நான்கு மடங்குக்கும் மேல். அதை நகர்த்தத் தேவையான ஆயிலை அந்தப் பழைய சிலிண்டர் ஒரே மிதியில் தள்ள முடியவில்லை.

சரி, பெரிய சிலிண்டர் போட்டால் தீர்ந்ததா? தீராது. பெடல் இறங்குவது நிற்கும், பதிலுக்குக் கல்லாகிவிடும். டிரம்மில் முன்பக்கத்து ஷூ சுழலும் டிரம்மோடு தானே இழுபட்டு இறுகிக்கொள்ளும், பாதி வேலையை அதுவே பார்த்துவிடும். டிஸ்க்குக்கு அந்த உபகாரம் கிடையாது. முழு அழுத்தத்தையும் காலே கொடுக்க வேண்டும். அதனால் பூஸ்டர் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு வேக்குவம் எடுக்கலாம். டீசல் அம்பாசடரில் அதுவும் இல்லை, ஆல்டர்னேட்டரின் முதுகில் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் தேவை. டிரம்முக்கென்று லைனில் வைத்த அழுத்தம் நிறுத்தும் வால்வை அப்படியே விட்டுவிட்டால் பேடு டிஸ்க்கை விடாது. வண்டி இழுவையாகப் போகும், வீல் கொதிக்கும். ஒன்றைத் தொட்டால் ஐந்தைத் தொட வேண்டும். கிட் விற்பவர் முதலாவதின் விலையை மட்டும் சொல்வார்.

ஹெரால்டுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் வேறு உண்டு. அதன் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் முறையில் தொங்குபவை. பலமாக பிரேக் பிடித்தால் மூக்கு குனியும், பின்பக்கம் எழும்பும், பின்சக்கரங்களின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கும். வளைவில் இது நடந்தால் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். முன்னால் எவ்வளவு ஆக்ரோஷமான பிரேக் வைக்கிறோமோ அவ்வளவுக்கு இந்தக் குணமும் கூடும். இரண்டாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன். அது கிரீஸ் அல்ல, கியர் ஆயில் கேட்கும் பாகம். வருஷக்கணக்கில் ஆயில் காணாத டிரன்னியனின் மரையில் துரு ஏறி, ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கி உட்காரும். முன்சக்கர பிரேக்கின் இழுப்பில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் சேசிஸுக்குப் போகிறது. அதைக் கழற்றிப் பார்க்காமல் டிஸ்க் மாட்டும் பட்டறையை விட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று விற்கும் சரக்கில் எனக்கு மரியாதை குறைவு. துளையிட்ட டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிபர், பந்தயப் பேடு, அதற்கு மேல் சிவப்புப் பெயிண்ட். பந்தயப் பேடு சூடேறினால்தான் கடிக்கும். அண்ணா சாலை சிக்னலில் அது குளிர்ந்தே கிடக்கும், அங்கே சாதாரண பேடே அதைவிட நன்றாகப் பிடிக்கும். துளைகளைச் சுற்றி வெடிப்பு விடும். பெரிய டிஸ்க் ஹெரால்டின் 13 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்காது, அதனால் சக்கரத்தை மாற்றச் சொல்வார்கள். சக்கரம் மாறினால் மட்கார்டில் உரசும். கடைசியில் நிற்பது யாருடைய கார்?

பாதுகாப்புதான் நோக்கம் என்றால் டிஸ்க்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு. அறுபதுகளின் ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால், பெடல் தரை வரை போகும். மிச்சம் கை பிரேக் மட்டும்தான். அமெரிக்காவில் 1968 முதல் புதுக் கார்களுக்கு இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கியது இந்த ஆபத்துக்காகவே. டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் வெளியே தெரியாது, படத்தில் விழாது, பெருமை பேச உதவாது. ஆனாலும் பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய பிரேக் மாற்றங்களில் முதலிடம் அதற்குத்தான் என்பது என் தீர்மானமான கருத்து. ஆயிலும் அப்படித்தான். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கக்கூடும். மலையில் பெடல் பஞ்சாவது பெரும்பாலும் இதனால்தான், டிரம்மின் தலையில் பழி விழுகிறது.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றங்களைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. பிரேக் என்று அதில் தனியாக இல்லை. இல்லாததாலேயே அனுமதி என்று நினைத்துக்கொள்ளாமல், விண்டேஜ் பதிவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலையிலும் மலையிலும் ஓடும் ஹெரால்டுக்கு முன்சக்கர டிஸ்க் தகும். அதுவும் கவென்ட்ரி மாட்டிய அளவில், டேண்டம் சிலிண்டரோடும் பூஸ்டரோடும், பின்பக்கம் டிரம்மை அப்படியே விட்டு. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு நல்ல டயர், புது லைனிங், கடைந்து வட்டமாக்கிய டிரம், புது ஆயில் போதும், செலவும் கால்வாசி. தொழிற்சாலை நிலையிலேயே தப்பிப் பிழைத்திருக்கும் அரிய வண்டியானால் எதையும் தொட வேண்டாம். டிஸ்க்தான் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாற்றத்துக்காக எதையும் அறுக்கவோ வெல்டு வைக்கவோ விடாதீர்கள். கழற்றிய டிரம், பேக் பிளேட், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள். எடைக்குப் போட்டுவிட்டால் பிறகு புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகள் முழுக்கத் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது.