எட்டில் நட்டு ஒன்பதில் குலை வெட்டலாம்

வீட்டைச் சுற்றி விளை கிடக்கும் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதற்குத் தனியாக ஒரு தோட்டக்கலை மன்றம்? கன்னியாகுமரி மாவட்டத்து அருமனையைத் தெரிந்தவர்கள் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான். தென்னையும் பலாவும் மரச்சீனியும் வாழையும் நல்லமிளகும் கலந்து நின்ற விளைகளில் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. "அந்தக் கம்பை எடு, இந்தக் கன்றைப் பிடி" என்று பெரியவர்கள் ஏவினார்கள். அதிலேயே பாதி வேளாண்மை கைக்கு வந்துவிடும். விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் ரப்பர் பரவிய பிறகு அந்த ஏவல் குறைந்தது. ஒட்டுக் கன்று நர்சரியிலிருந்து வருகிறது. ஆறேழு வருடம் கழித்துப் பால் வெட்டுகிறவர் விடியுமுன் வந்து தன் வேலையை முடித்துப் போகிறார். ரப்பர் விளையில் பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை. ஆகவே மன்றம் வேண்டும். அது என்ன செய்கிறது என்பதே கேள்வி.

கையால் செய்து கற்பதன் பலத்தைக் காட்ட நல்லமிளகு ஒன்றே போதும். கொடியின் அடியில் தரையோடு ஓடும் தண்டை வெட்டி வைத்தால் மரமேறும் கொடி வரும். காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி வைத்தால் ஏறாமல் புதராக நின்று தொட்டியிலேயே காய்க்கும். ஒரே கொடிதான், வெட்டிய இடம் மட்டும் வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிள்ளைக்கு இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாழைக் கன்றிலும் அப்படித்தான். அகன்ற இலையோடு செழிப்பாகத் தெரியும் நீர்க்கன்று சோடை. மெலிந்த இலையோடு நிற்கும் ஈட்டிக் கன்றுதான் நல்ல குலை தரும். பார்வைக்கு நல்லதாகத் தெரிவதைத் தேர்ந்து ஏமாறுவது வகுப்பறைக்குள் கிடைக்காத படிப்பு.

மன்றங்களின் பலவீனம் நாட்காட்டியில் இருக்கிறது. தேசிய பசுமைப்படை தொடங்கிய 2001 முதல், பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்ட 2019 வரை திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலான மன்றங்களின் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று கன்று நட்டுப் படம் எடுப்பதில் தொடங்குகிறது, பல இடங்களில் அன்றே முடிந்தும் விடுகிறது. தமிழகத்தின் பெரும்பகுதி ஜூனில் காய்ந்து கிடக்க, இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. மிளகுக் கொடி வைக்க அதைவிட நல்ல காலம் இல்லை. தக்காளி நாற்றும் கீரையும் போட்டால் அழுகும். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே பட்டியல் அனுப்புகிறவர்களுக்கு இது எட்டுவதில்லை. அப்படியே பிழைத்தாலும் மரச்சீனிக்குப் பத்து மாதம், வாழைக்கு ஓராண்டு. ஜூனில் வைத்த மரச்சீனி பிடுங்கும் பருவத்துக்கு வரும்போது பள்ளிக்குக் கோடை விடுமுறை. வைத்தவனுக்குக் கிழங்கு கிடைப்பதில்லை. அதனால் மழை விட்டதும் மன்றங்கள் இருபத்தைந்து நாளில் பறிக்கும் கீரைக்குள் ஒதுங்கிவிடுகின்றன. கீரை நல்லதுதான், ஆனால் பொறுமையைக் கற்றுத் தராது.

இன்னொரு குறையை வெளியே சொல்ல எல்லோரும் தயங்குகிறார்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளையைத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிட்டு, முதல் மதிப்பெண்காரனை வகுப்பில் உட்கார வைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பிள்ளைகளில் சிலரைப் படிப்புக்கும் சிலரை உழைப்புக்கும் என்று பிரிப்பதன் மீதான கோபம் புதிதல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் தொழில் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்ததும், அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டதும் நாம் அறிந்தவை. (அருமனை அப்போது சென்னை மாநிலத்தில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதனால் அந்தக் கோபம் நமக்கு அந்நியமாகிவிடாது.) மண்வெட்டி எல்லோர் கைக்கும் முறை வைத்து வரவேண்டும். வராத மன்றத்தை மூடிவிடலாம்.

முன்மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையம் தேனீ வளர்ப்பைச் செய்து காட்டியதோடு விடவில்லை, தேனை விற்கவும் வழி செய்தது. மார்த்தாண்டத்துக்குத் தேனால் பெயர் வந்தது அப்படித்தான். பயிற்சிக்குப் பிறகு என்ன என்ற கேள்வியை நம் மன்றங்கள் கேட்பதே இல்லை.

செய்யக்கூடியது எளிது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழையை எட்டாம் வகுப்பு மாணவர்கள் அக்டோபர் மழையில் நடட்டும். ஒன்பதாம் வகுப்பில் அவர்களே குலை வெட்டுவார்கள். (பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் எந்த மன்றத்துக்கும் பிள்ளை கிடைக்காது.) பக்கக் கன்று அடுத்த எட்டாம் வகுப்புக்குப் போகட்டும். நட்ட நாள், செத்த நாள், செத்த காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கைமாற்றட்டும். சந்தேகம் கேட்கப் பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மன்றப் பொறுப்பாசிரியர்களே, ஜூன் 5க்கான பேனருக்குப் பணம் ஒதுக்குமுன், ஏப்ரல், மே மாதங்களில் தோட்டத்தை யார் பார்ப்பது என்ற முறைப்பட்டியலை முதலில் எழுதி ஒட்டுங்கள்.