வெளிநாட்டு உதவியும் வளர்ச்சியும்: தீவகத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

வெளிநாட்டு உதவி பொருளாதார வளர்ச்சியை ஊக்குவிக்குமா என்னும் வினா பொருளியலாளரிடையே நெடுங்காலமாக நிலவி வருவது. வறிய நாடுகளின் சேமிப்பிலும் அந்நியச் செலாவணியிலும் உள்ள பற்றாக்குறைகளை உதவி நிரப்பும் என 1966இல் செனறியும் ஸ்ட்ரவுட்டும் கொண்டனர். பேண்சைட், டொலர் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, 56 நாடுகளின் 1970–1993 காலத் தரவுகளைக்கொண்டு, சீரிய கொள்கை நிலவுமிடத்தே உதவி பயன் தரும் என நிறுவ முயன்றது. பெரிதும் வரவேற்கப்பட்ட இம்முடிவு உறுதியானதன்று. ஈஸ்டர்லி முதலானோர் 2004இல் தரவுகளை 1997 வரை நீட்டி அதே முறையில் ஆராய்ந்தபோது அத்தொடர்பு மறைந்துபோயிற்று.

இக்கொள்கையின் குறைபாடு தரவோடு நின்றுவிடுவதன்று. பெறுபவரின் கொள்கையை எடைபோடும் அது, கொடுப்பவரின் நோக்கத்தை எடைபோடவில்லை. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு டீசல் மின்பிறப்பாக்கிகளே மின்வழங்கி வந்தன. ஆங்கு காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டத்தை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியாதரவுடன் சீன நிறுவனமொன்றிடம் ஒப்படைக்க 2021 ஜனவரியில் அமைச்சரவை இசைந்தது. இந்தியா மறுப்புத் தெரிவித்தது; அவ்வாண்டிறுதியில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு உடன்பாடு காணப்பட்டது; நிறுவுவதற்கான ஒப்பந்தமோ 2024 மார்ச்சிலேயே கைச்சாத்தாயிற்று. நன்கொடை கிடைத்தமை ஆதாயமே. ஆயினும் கழிந்த மூன்றாண்டுகளுக்குத் தீவகத்தார் காரணரல்லர்.

பெறுவோர் பக்கத்தும் குறை உண்டு. 2010இல் அங்கீகாரம் பெற்ற யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் இரணைமடு நீரை நம்பி வகுக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பினால் அது தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் திட்டமாக மாறிற்று. நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. உரியோரின் இசைவு முதற்கண் பெறப்படாதவிடத்துப் பணம் இருந்தும் பணி நகராது.

இவற்றால் உதவி பயனற்றது என முடித்தலும் பொருந்தாது. சாட்டிக் கிணறுகளின் நீரை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்குக் குழாய்நீர் கிடைப்பின், அதன் பயன் தேசிய வருமானக் கணக்கில் உடனே தோன்றாது. நீர் சுமக்கும் பொழுது குறைவதில் தோன்றும். வளர்ச்சி வீதமொன்றையே அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வு இதனைக் காணாது.

சாட்டியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர், அளவறிந்து இறைக்குமட்டும் நிலைக்கும். மிகையாக இறைப்பின் உவரேறும். இதனை அவ்வூரார் அறிவர். அவ்வறிவைக் கேளாது வகுக்கப்படும் திட்டத்தை எத்துணைப் பெருநிதியும் காவாது. எனவே, உதவியின் தொகையை ஆராய்வோர், அத்தேவையைத் தீர்மானித்தவர் யாவர் என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும்.