ஒரே பாத்திரம், இரு வகைச் சிக்கனம்

மோட்டார் காரின் இஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் முழுவதையும் தாங்கிக்கொண்டு, தரைக்கு மிக அருகில், எவர் கண்ணிலும் படாமல் இருக்கும் பாத்திரத்தைச் சென்னைப் பட்டறைகளில் சேம்பர் என்றும் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் சம்ப் என்றும் சொல்வார்கள். அது இருக்கும் இடமே அதற்குச் சத்துரு. வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு மெல்ல ஏறி மெல்லச் சரிய வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் நியமம் வகுத்திருந்தாலும், தெருவாசிகள் தாமே குவித்த மேடு அந்த நியமத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மாரி மழையில் அரித்துப்போன இலங்கை வன்னிக் கிரவல் பாதையின் கல்லும் எந்த நியமத்துக்கும் கட்டுப்பட்டதன்று. ஆகவே பாத்திரம் அடிபடுவதும், அதைத் தன் வீட்டு முற்றத்திலேயே மாற்றிச் செலவைச் சுருக்கக் குடும்பஸ்தன் முற்படுவதும் இரு நாட்டுக்கும் பொது. ஆனால் அவன் உண்மையில் எதை மிச்சம் பிடிக்கிறான் என்று ஆராயப் புகுந்தால், இரு நாட்டுச் சிக்கனமும் வெவ்வேறு வகையானவை என்பது புலப்படும்.

வேலை எங்கே செய்தாலும் ஒன்றே. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளின்மேல் அதை உறுதியாக அமர்த்திய பிறகே அடியில் புக வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பிப் புகுவது பிராணாபாயம் என்பதில் எந்த நாட்டு அநுபவசாலிக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. எண்ணெயை வடித்து, விளிம்பைச் சுற்றியுள்ள சிறு போல்ட்டுகளைக் கழற்றிப் பாத்திரத்தை இறக்கியதும், பழைய பசையின் எச்சம் சிறிதும் இராதபடி இஞ்சினின் விளிம்பைச் சுரண்டித் துடைக்க வேண்டும். இந்தக் காரியத்தில் சிரத்தை குறைந்தால் புதிய பாத்திரமும் ஒழுகவே செய்யும். அந்தப் போல்ட்டுகள் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் பருமனே உள்ளவை; அவற்றுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும் என்றிருக்க, பலசாலி ஒருவன் தன் பலத்தையெல்லாம் காட்டினால் மரை போய்விடும். ஒழுகாத நசுங்கலையும் அலட்சியம் செய்யலாகாது. அடித்தகடு மேலெழும்பி, எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டியை நெருங்கிவிட்டால், பாத்திரம் நிறைய எண்ணெய் இருந்தும் இஞ்சின் எண்ணெயின்றித் தேய்ந்துபோகும்.

தமிழகத்தில் இந்த வேலையை மேற்கொள்பவனுக்குப் புதிய பாத்திரம் கிடைப்பது ஒரு கஷ்டமே அன்று. 1983 ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 தெருவுக்கு வந்தது முதல், சிறு கார்களுக்குரிய உறுப்புகளை உள்நாட்டிலேயே செய்யும் தொழில் வேரூன்றி வளர்ந்ததன் பயனாக, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஆல்ட்டோவின் சேம்பரைப் புதிதாகவே வாங்கலாம்; அதற்கும் கையில் பணம் போதாதவருக்குப் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் உறுப்புகள் இருக்கின்றன. எனவே இங்கே வீட்டில் வேலை செய்பவன் மிச்சம் பிடிப்பது கூலியை மட்டுமே. அடுக்குமாடியில் குடியிருந்து முற்றமென்பதே இல்லாதவர்களோ, உறுப்பையும் எண்ணெயையும் தாமே வாங்கிவைத்துத் தெருமுனை மெக்கானிக்கை வாசலுக்கு அழைத்துக் கூலியை மாத்திரம் கொடுத்து அனுப்புகிறார்கள். அதுவும் விவேகமான சிக்கனமே.

அதே ஆல்ட்டோ கடல் தாண்டி இலங்கைக்கும் போயிருக்கிறது. ஆனால் அங்கே சிக்கனத்தின் இலக்கணம் மாறிவிடுகிறது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் ஒரு டாலருக்கு 200 ரூபாயாக இருந்த நாணய மதிப்பு சில வாரங்களிலேயே 360 ரூபாய் வரைக்கும் சரிந்தபோது, கடல்கடந்து வரும் ஒவ்வோர் உறுப்பும் சாமானியனுக்கு எட்டாத பொருளாயிற்று. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய சம்பைத் தேடி எடுப்பது, அதுவும் அகப்படாவிடில் நசுங்கியதையே தட்டி நிமிர்த்தி வெல்டிங் வைத்து மீண்டும் பூட்டுவது என்பதே அங்குள்ள மார்க்கம். 1990களின் யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது, சில துளிப் பெட்ரோலால் முடுக்கி மண்ணெண்ணெயில் ஆஸ்டின் ஏ40 களையும் மொரிஸ் மைனர்களையும் ஓட்டிய யாழ்ப்பாணத்தார், வண்டியில் எந்த உறுப்பையும் எளிதில் எறிந்துவிடத் துணியாதவர்கள். அங்கே வீட்டில் வேலை செய்பவன் மிச்சம் பிடிப்பது பொருளையே.

இதை வைத்து ஒரு நாட்டாரைப் பொறுமைசாலிகளென்றும் மற்ற நாட்டாரை ஊதாரிகளென்றும் தீர்ப்புக் கூறுவது அநியாயம். அம்பாசடர் ஆட்சி செய்த நாட்களில், நசுங்கிய சேம்பரைத் தட்டி, காஸ் வெல்டிங் வைத்து மறுபடியும் மாட்டுவது தமிழகத்திலும் சர்வ சாதாரணமாக நடந்ததுதான்; கடையில் புதியது மலிந்தபோது அந்தப் பழக்கம் தானே தேய்ந்தது. பழக்கத்தை வகுப்பது ஜனங்களின் சுபாவமன்று, பண்டத்தின் வரத்து. எனினும் இரு வழியிலும் குறை உண்டு. புதியது எளிதாகக் கிடைக்கும் இடத்தில், விளிம்பைச் சுத்தம் செய்யும் பொறுமைக்குப் பதிலாக அனபாண்ட் பசையை அள்ளி அப்பும் அவசரம் வந்துவிடுகிறது. உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து வடிகட்டியை அடைத்தால், பாத்திரத்தில் மிஞ்சிய பணத்தை இஞ்சினில் இழக்க நேரும். புதியது கிடையாத இடத்திலோ, மெல்லிய தகட்டில் வெல்டிங் மேல் வெல்டிங் வைத்து விளிம்பு கோணிய சம்பையும் விட மனம் வராமல் பூட்டிவிடுகிறார்கள். கோணிய விளிம்பைச் சமமான கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்த்து, ஆடினால் அதை ஒதுக்கும் திடசித்தம் இலங்கையாருக்கு வேண்டும். இறக்கிய பாத்திரத்தை எறியுமுன் அது திருத்தத் தக்கதா என்று நிதானிக்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

இரு நாட்டாரும் ஒருங்கே கவனிக்கத் தவறுவது வடித்த பழைய எண்ணெயை. பட்டறையில் அதைச் சேர்த்து வைக்கப் பீப்பாய் உண்டு. வீட்டு முற்றத்தில் அது வேலியோரத்து மண்ணுக்கோ சாக்கடைக்கோ போகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. மேலே ஊற்றியது கிணற்றை அடைய அதிக காலம் செல்லாது. அங்குள்ள சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் குடிநீருக்குத் தவித்த துன்பம், அதன் மூலகாரணம் வீட்டு முற்றங்கள் அன்றாயினும், அந்த நிலம் எவ்வளவு எளிதில் கெடும் என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி. இந்தியாவில் பழைய எண்ணெயை அபாயகரமான கழிவென்றே சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் சட்டத்தின் கண் வீட்டு வாசல்வரை எட்டுவதில்லை. அந்த எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் அடைத்து, சேகரிப்பாரிடம் ஒப்படைக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதை, போல்ட்டை முறுக்குவது போலவே வேலையின் ஓர் அங்கமாக நாம் கொள்ள வேண்டும்.

கூலியை மிச்சம் பிடிப்பதும் பொருளை மிச்சம் பிடிப்பதும் இரண்டும் போற்றத்தக்கவையே. ஆனால் அந்த மிச்சத்துக்குரிய விலையை அண்டைவீட்டுக் கிணறு செலுத்துமானால் அதைச் சிக்கனம் என்று சொல்வதற்கு இரு நாட்டிலும் எவருக்கும் உரிமை கிடையாது.