முத்தா, மாணிக்கமா?

சிலப்பதிகாரத்துக்கு ஆளாளுக்கு ஒரு வாசிப்பு உண்டு. ஊழ்வினைக் கதை என்பார்கள். கற்பின் கதை என்பார்கள். அரசியல் பிழைத்த ராஜாவின் கதை என்று மேடையில் முழங்குவார்கள். எல்லாம் சரிதான். இந்த வாரம் அதை நகைக்கடைப் படியேறப் போகிற ஒருவராகப் படித்துப் பாருங்களேன். உள்ளே இருக்கும் கல் என்ன என்று சரியான நேரத்தில் யாரும் பார்க்காததால் ஓர் உயிர் போய், ஓர் ஊர் எரிந்த கதை.

14-ம் காதையான ஊர்காண் காதையில் கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு மதுரையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறான். ரத்தினக் கடைத்தெரு வருகிறது. நம்மில் பாதிப் பேர் 'வர்ணனை' என்று தாண்டிவிடும் இடம். தாண்டாதீர்கள். இளங்கோ அங்கே பளபளப்பை மட்டும் காட்டவில்லை, குற்றப் பட்டியலும் கொடுக்கிறார். வைரத்தில் காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு கூடாது. முத்தில் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வந்த பழுது கூடாது. பவளத்தில் உள்துளையும் முறுக்கலும் கூடாது. இன்று பரிசோதனை லேபில் லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருப்பவரும் கல்லுக்குள் தேடுவது இந்த மாதிரி சமாசாரங்களைத்தான்.

இன்னொரு ஆச்சரியம். சில மணிகளை, பிறப்பு ஒன்று, அழகுதான் ஐந்து வகை என்று ஒரே குடும்பமாக்குகிறார். மாணிக்கமும் நீலமும் அதில் அடக்கம் என்கிறது உரை. இன்றைய விஞ்ஞானமும் இந்த இரண்டுக்கும் ஒரே பிறப்பு என்றுதான் சொல்கிறது. இரண்டுமே அலுமினியம் ஆக்ஸைடு. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு 'கொரண்டம்' என்று பெயர். நம்ம 'குருந்தம்'தான் கப்பலேறிப் போனது.

இத்தனை விஷயம் தெரிந்த ஊரில் நடந்தது என்ன? பொற்கொல்லன் சிலம்பின் வெளிவேலைப்பாட்டைப் பார்க்கிறான், அரசியுடையது போலவே இருக்கிறது. அதைத் திருடியவனே அவன்தான். அவனே போய் ராஜாவிடம் 'கள்வன் கிடைத்தான்' என்கிறான். அதாவது, மதிப்பீடு செய்தவனே அதில் லாபம் அடையப் போகிறவன். அரசியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் இருந்த ராஜா, ரத்தினத் தெருவிலிருந்து ஒரு பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. 16-ம் காதையில் கொலை. சிலம்பு அரண்மனைக்கு வந்து சேர்ந்த பிறகும் யாரும் அதைக் குலுக்கிக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பரிசோதனை நடப்பது 20-ம் காதையில். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், ராஜா தன்னுடையது முத்து என்கிறான். கொற்கையில் முத்துக் குளிக்கும் பாண்டியன் வீட்டில் முத்து, கடல் வணிகம் செழித்த புகாரின் வணிகர் வீட்டில் மாணிக்கம். ஒவ்வொரு பரலும் தன் ஊரைச் சொல்கிறது. இன்றைக்கு 'ஆரிஜின் ரிப்போர்ட்' என்று தனியாகக் காசு கொடுத்து வாங்குவதை இளங்கோ சும்மாவே தருகிறார்.

ரத்தினத் தெரு வெறும் புலமைக் காட்சி என்று ஒரு கட்சி சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 14-ல் நிபுணர்களை நிறுத்தி வைத்துவிட்டு, 16-ல் அவர்களை யாரும் கூப்பிடாததைக் காட்டுவதால்தான் அந்தக் கொலை இன்னும் வலிக்கிறது. விதி என்று சொல்லி ராஜாவைத் தப்பவிட முடியாது. ஒரே குறை, அந்தத் தெருவில் ஒரு வியாபாரியையாவது பின்னால் ஒரு வார்த்தை பேசவிட்டிருக்கலாம்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். கண்ணகி காலத்தில் உடைத்தால் தெரிந்தது, இப்போது உடைத்தாலும் தெரியாது. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர், உலையில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். அது கண்ணாடி அல்ல. அதே ரசாயனம், அதே கெட்டி, அதே எடை. மைக்ராஸ்கோப்பில் வளைந்த கோடுகள் தெரிந்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே பாட்டி காலத்து சிவப்புக்கல் அட்டிகை என்பதாலேயே அது மண்ணில் விளைந்த கல் ஆகிவிடாது. கல்லைச் சூடுபடுத்தி நிறம் ஏற்றுவது சகஜம், சொல்லி விற்றால் தப்பில்லை. ஆனால் விரிசல்களில் ஈயக் கண்ணாடியை நிரப்பிய மாணிக்கம் வேறு ஜாதி. 2004 வாக்கில் மார்க்கெட்டுக்கு வந்தது. அதை விரலில் போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால்கூட நிரப்பியது அரித்துப் போகும்.

முத்தைப் பல்லில் தேய்த்து, நறநறவென்றால் அசல் என்பார்கள். பாதி உண்மை. போலி முத்து வழுக்கும், சரி. ஆனால் ஜப்பானில் மிகிமோட்டோ 1893-ல் தொடக்கிவைத்த வளர்ப்பு முத்தும் நறநறக்கும். அதுவும் சிப்பி செய்த முத்துதானே! உள்ளே மனிதன் வைத்த மணி இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும்.

ராஜாக்களே ஏமாந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மகுடத்தில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பதித்திருப்பது மாணிக்கமே அல்ல, ஸ்பைனல் என்ற வேறு கல். நூற்றாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

அதனால் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். மண்ணில் விளைந்ததா, மனிதன் வளர்த்ததா? சூடு, நிரப்பல் என்று ஏதாவது செய்திருக்கிறார்களா? இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யார், விற்பவரேவா, வெளி ஆளா? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் சிலர் முகம் மாறும். மாறட்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்பது 14-ம் காதை. கட்டிவிட்டு அழுவது 20-ம் காதை.