ரத்தத்தில் ஊறியதா குடி?

தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் ஒருவன் குடியில் விழுந்தால், "அவங்கப்பன் புத்தி, ரத்தத்துலயே ஊறிக் கெடக்கு" என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடும். அவனைக் கேட்டால், "குடிச்சாத்தான் படபடப்பு அடங்குது" என்பான். இவ்விரு பேச்சுகளையும் சுண்டெலிகளை வைத்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்து வருகிறார்கள்.

1959இல் மெக்லர்னும் ராட்ஜர்ஸும், உடன்பிறப்புகளையே தலைமுறைதோறும் இணைசேர்த்து மரபில் ஒரே அச்சாக்கிய எலிவகைகளின் கூண்டுகளில் இரண்டு புட்டிகள் வைத்தார்கள்: ஒன்றில் தண்ணீர், மற்றதில் சாராயம் கலந்த தண்ணீர். சி57 வகை சாராயத்தை நாடியது. டிபிஏ வகை ஒதுங்கிக்கொண்டது. குடிவிருப்பத்தில் மரபுக்குப் பங்குண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் டிபிஏவைச் சாது என்று சொல்லிவிட முடியாது. ஊசியில் சாராயம் ஏற்றினால், ஏற்றிய இடத்தையே அது பிறகு தேடிப் போகிறது. குடியை நிறுத்தும்போது வலிப்பு கடுமையாக வருவதும் இந்த வகைக்குத்தான். அதில் பங்கு வகிக்கும் ஒரு மரபணுவை 4ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

படபடப்பு அடங்குகிறது என்ற இரண்டாவது பேச்சுக்கு வருவோம். எலியின் பதற்றத்தை அளக்கத் தரையிலிருந்து உயர்த்திய கூட்டல்குறி வடிவ மேடை இருக்கிறது. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. பயந்த எலி சுவரோரமே பதுங்கும். சாராயம் ஏறினால் திறந்த கைக்கு வரும். அது பயம் தெளிந்து வருகிறதா, வெறும் துள்ளலில் ஓடுகிறதா? சாராயத்தால் துள்ளும் டிபிஏவிடம் இதைப் பிரித்தறிவது கடினம்.

இத்துறையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது 1999இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் மூவரும் வெளியிட்ட ஆய்வு. போர்ட்லாந்து, எட்மன்டன், ஆல்பனி ஆகிய மூன்று ஊர்களில் ஒரே எலிவகைகள், ஒரே கருவிகள், ஒரே நேர ஒழுங்கு. குடிவிருப்பம் மூன்றிலும் ஏறக்குறைய ஒத்துவந்தது. மேடைச் சோதனையிலோ முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. மரபு அச்சாக ஒன்றாயிருந்தும் பயம் இடத்தைப் பொறுத்தது! எங்கள் தூத்துக்குடியையே பாருங்கள்: மன்னார் வளைகுடாவில் 1961க்குப் பின் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதை நம்பியிருந்த வீடுகளின் கவலைக்கு எந்த மரபணுவைக் காட்டுவது?

மரபின் பங்கையும் மறுப்பதற்கில்லை. சிகாகோவில் சுபாஷ் பாண்டே குழு, கிரெப் என்ற புரதத்தின் மரபணு குறைந்த எலிகள் கூடுதலாகப் பதறுவதையும் கூடுதலாகக் குடிப்பதையும் 2004இல் காட்டியது. மனிதரிடம் மரபின் பங்கைப் பார்த்தது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. 1995இல் விவேக் பெனகலும் உடனாய்வாளர்களும் குடிநோயாளிகளின் தந்தை, சகோதரர், மகன்களின் மூளை மின்னலைகளை அளந்தார்கள். குடும்பத்தில் குடிநோய் எவ்வளவு அடர்ந்திருந்ததோ அவ்வளவுக்கு பி300 என்ற அலை சிறுத்திருந்தது. இது ஆபத்தின் அடையாளம். மகனும் குடிகாரன் ஆவான் என்று இதை வைத்துச் சொல்வது அநியாயம்.

நாள்பட்ட குடிகாரருக்கு விடியற்காலையில் வரும் நடுக்கமும் படபடப்பும் பெரும்பாலும் முந்தின நாள் குடி இறங்குவதால் வருபவை. அதை அடக்க மறுபடி குடித்தால் மறுநாளும் அதே நடுக்கம். வைராக்கியத்தில் ஒரேயடியாக நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகும். அப்படிப்பட்டவரைத் திட்டி அறையில் பூட்டாமல், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுக்கத்தைத் தணித்துக் குடியிலிருந்து பத்திரமாக இறக்கிவிட அங்கே மருந்து இருக்கிறது.