தொடக்க வகுப்புப் பாடங்களும் குழந்தையின் மொழியும்: தில்லிச் சூழலில் ஒரு திறனாய்வு

தொடக்கப் பள்ளியில் குழந்தை எவற்றைக் கற்கவேண்டும் என்ற வினாவிற்கு இந்தியக் கல்வித்துறை கடந்த ஐம்பது ஆண்டுகளில் பலமுறை விடையைத் திருத்தி எழுதியுள்ளது. தில்லியில் 1961இல் நிறுவப்பட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் 1975இல் வெளியிட்ட கலைத்திட்டம், முதலிரு வகுப்புகளில் இயற்கைச் சூழலையும் சமூகச் சூழலையும் ஒரே பாடமாக வைத்து, 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் அதனை இரு பகுதிகளாகப் பிரித்தது. 2000ஆம் ஆண்டுத் திட்டம் அவ்விரு பகுதிகளையும் மீண்டும் இணைத்தது. முதலிரு வகுப்புகளில் சூழலுக்கெனத் தனிநூல் வேண்டா, அது மொழிப்பாடத்திலும் கணிதத்திலும் கரைந்திருக்கட்டும் என்றது. யஷ்பால் தலைமையில் உருவான 2005ஆம் ஆண்டுத் திட்டமும் அவ்வழியே சென்றது. தமிழ்நாட்டில் 2018க்குப் பின் வந்த புதிய பாடநூல்கள் முதலிரு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியலை வைத்து, 3ஆம் வகுப்பிலிருந்து அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரித்துவிட்டன.

இம்மாற்றங்கள் அனைத்தும் பாடங்களுக்கு இடையே எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதைப் பற்றியவை. கோட்டின் இருபுறமும் குழந்தை எதைக்கொண்டு கற்கிறது என்பது இவற்றில் போதிய அளவு ஆராயப்படவில்லை. எண்ணாயினும் மரமாயினும் உறவினராயினும், எட்டு வயதுக் குழந்தைக்கு அவை சொற்களாகவும் வேற்றுமை உருபுகளாகவும் வினாச்சொற்களாகவுமே வந்து சேர்கின்றன. அவ்வாறு வரும்போது ஒவ்வொரு மொழியும் பாடத்தின் ஒரு பகுதியைத் தானே கற்பித்துவிடுகிறது. மற்றொரு பகுதியை மறைத்தும் விடுகிறது. பாடநூல் எழுதுவோரும் பெயர்ப்போரும் கருதவேண்டிய செய்தி இதுவே. தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் நடுவே வளரும் தில்லித் தமிழ்க் குழந்தையிடம் இது மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

மொழி எல்லாப் பாடங்களிலும் ஊடுருவியுள்ளது என்ற கருத்து புதியதன்று. இங்கிலாந்தில் 1975இல் வெளியான புல்லக் குழுவின் அறிக்கை, மொழிக்கல்வியைக் கலைத்திட்டம் முழுவதற்கும் உரிய பொறுப்பாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு நைரோபியில் நடந்த யுனெஸ்கோ கருத்தரங்கில் ஹாலிடே, கணிதத்திற்கென ஒரு துறைமொழி உண்டு, அது கலைச்சொற்களின் தொகுதி மட்டுமன்று, பொருளுரைக்கும் முறையுமாகும் என்பதை விளக்கினார். 2005ஆம் ஆண்டுக் கலைத்திட்டமும் மொழிக்கல்வி மொழி வகுப்போடு முடிவதன்று என்றே கூறுகிறது. கொள்கையளவில் குறையில்லை. அக்கொள்கை எண்ணுப்பெயர் வரையில், வினாச்சொல் வரையில் இறங்கி வந்ததா என்பதே கேள்வி.

நூற்பெயரிலிருந்தே தொடங்கலாம். 2006 முதல் 2008 வரை 3, 4, 5 ஆகிய வகுப்புகளுக்குக் குழுமம் வெளியிட்ட சூழல் நூலின் இந்திப் பெயர் 'ஆஸ்-பாஸ்'. ஆங்கிலப் பெயர் 'லுக்கிங் அரவுண்ட்'. முன்னது நாள்தோறும் வழங்கும் இணைமொழி. பின்னது ஒரு செயலின் பெயர். இரண்டும் குழந்தையின் வாயில் புழங்கக்கூடியவை. தமிழில் இப்பாடத்திற்கு நிலைத்த பெயரோ 'சூழ்நிலையியல்'. '-இயல்' என்ற ஈறு உயிரியல், பொருளியல் என அறிவுத்துறைகளுக்கு உரியது. ஆறு வயதுக் குழந்தைக்கு வீட்டையும் கிணற்றையும் காட்டும் நூல் ஒரு பல்கலைக்கழகத் துறையின் பெயரைச் சூடி நிற்கிறது. 'அக்கம்பக்கம்' என்ற சொல் தமிழில் இல்லாமலில்லை. அது பாடநூலுக்குத் தகுதியற்ற பேச்சுச்சொல் எனக் கருதப்பட்டிருக்கலாம். குழுமம் 2024இல் 3ஆம் வகுப்புக்கு வெளியிட்ட புதிய நூலுக்கு 'ஹமாரா அத்புத் சன்சார்' எனப் பெயரிட்டுள்ளது. இந்தியும் பேச்சுச்சொல்லை விட்டு வியப்புச்சொல்லுக்கு நகர்ந்துவிட்டது என்பதைத் தவிர இதுபற்றிச் சொல்ல அதிகமில்லை.

எண்ணுப்பெயர்கள்

2021 ஜூலையில் நடுவண் அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம், 2026-27க்குள் 3ஆம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என இலக்கு வகுத்தது. முதல் வகுப்பில் 99 வரை, இரண்டாம் வகுப்பில் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9999 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே அளவு. ஒரே அளவாதலின் நேர்மையானது எனவும் தோன்றும். மொழியியல் நோக்கில் அது ஒரே அளவன்று.

தமிழ்க் குழந்தை ஒன்று முதல் பத்து வரையுள்ள பெயர்களையும், இருபது முதல் தொண்ணூறு வரையுள்ள எட்டுப் பெயர்களையும், அவை 'இருபத்து', 'முப்பத்து' எனத் திரியும் முறையையும் அறிந்தால் போதும். பதினொன்று முதல் பத்தொன்பது வரையுள்ள சிறு திரிபுகளைத் தவிர்த்து, 99 வரை தானே ஆக்கிக்கொள்ளும். முப்பத்தாறு என்பதைக் கேட்டறியாத குழந்தையும் அதைச் சொல்ல முடியும். மேலும் பத்தின் பெயர் முன்னும் ஒன்றின் பெயர் பின்னும் வருவதால் ஒலிவரிசையும் இலக்கவரிசையும் ஒத்துள்ளன.

இந்தியில் நிலை வேறு. 'பச்சீஸ்' (25) என்பதில் ஐந்து முன்னும் இருபது பின்னும் வருகின்றன. அவையும் பிரித்தறிய இயலாதவாறு உருகிக் கலந்துள்ளன. 99 வரையுள்ள பெயர்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றாக மனனம் செய்யப்படவேண்டியவை. ஒன்பதில் முடியும் எண்கள் அடுத்த பத்திலிருந்து ஒன்றைக் குறைத்துப் பெயர் பெறுகின்றன: 'உன்னீஸ்' (19), 'உன்தீஸ்' (29), 'உன்தாலீஸ்' (39). 'தீஸ்' என்ற முப்பதின் ஒலியைக் கேட்ட குழந்தை 29ஐ முப்பதுகளில் வைத்து எழுதினால் அதை அறியாமை எனல் தகாது. இம்முறையும் 79 வரையே செல்லும். 'நவாசீ' (89), 'நின்யானவே' (99) ஆகிய இரண்டிலும் கழித்தல் மறைந்து கூட்டல் வந்துவிடுகிறது.

தமிழ் முற்றும் ஒழுங்கானது எனப் பெருமை கொள்ளவும் இடமில்லை. எண்பத்தொன்பதுக்குப் பின் வரும் தொண்ணூறு, நூற்றின் பெயரைத் தன்னுள் கொண்டது; தொள்ளாயிரம் ஆயிரத்தின் பெயரைக் கொண்டது. தொண்ணூற்றொன்றில் 'நூற்றொன்று' ஒலிப்பதைக் கேட்கும் குழந்தை நூற்றுக்கு மேற்பட்ட ஓர் எண்ணை எழுத முற்படலாம். தமிழ்வழி வகுப்பில் ஆசிரியர் தனிக்கவனம் செலுத்தவேண்டிய இடம் இதுவே. இந்திவழி வகுப்பில் அத்தகைய இடங்கள் எண்பதுக்கும் மேல். 99 வரை என்ற இலக்கு ஒரு மொழியில் சில விதிகளையும் மற்றொன்றில் ஒரு நீண்ட பட்டியலையும் கேட்கிறது. இவ்வேறுபாட்டைக் கணக்கிற் கொள்ளாத மதிப்பீடு குழந்தையின் கணித அறிவை அளப்பதாக எண்ணிக்கொண்டு மொழியின் சுமையை அளந்துவிடும்.

எவ்வளவும் எத்தனையும்

எண்ணற்குரியதை 'எத்தனை' என்றும், அளத்தற்குரியதை 'எவ்வளவு' என்றும் கேட்பது தமிழ் மரபு. பேச்சில் 'எவ்வளவு பேர்' என்பதும் வழங்குவதால் எல்லை ஒருபுறம் சற்றுத் தளர்ந்துள்ளது, மறுபுறம் தளரவில்லை. 'எத்தனை அழகு' என வியக்கலாம். 'எத்தனை தண்ணீர்' எனக் கேட்க இயலாது. இந்தியில் 'கித்னா' என்ற ஒரே அடிச்சொல் பால், எண் ஆகியவற்றுக்கேற்ப 'கித்னே', 'கித்னீ' என ஈறு மாறுகிறது. எண்ணலுக்கும் அளத்தலுக்கும் தனித்தனிச் சொல் அங்கில்லை.

மூன்றாம் வகுப்புக் கணிதத்தில் அளவைப் பாடம் கற்பிக்க முற்படுவது என்ன? பாத்திரத்தில் உள்ள நீரை நேரே எண்ண முடியாது. ஒரு குவளையை அலகாகக் கொண்டால் எண்ண முடியும். 'பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர்?' என்ற வினா 'எத்தனை குவளைத் தண்ணீர்?' என மாறும் அக்கணமே அலகு என்ற கருத்து பிறக்கிறது. நீளம், எடை, காலம் அனைத்திற்கும் இதுவே நெறி: எவ்வளவு தூரம், எத்தனை அடி, எவ்வளவு நேரம், எத்தனை மணி. அளத்தல் என்பது எவ்வளவை எத்தனையாக மாற்றுவது. குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே அதன் வாயில் இருக்கும் இலக்கணம், பாடத்தின் பாதியைச் செய்து முடித்துவிட்டது. ஆங்கில மூலத்தின் வாக்கிய அமைப்பையே நோக்கி, இவ்விரு சொற்களையும் ஒன்றுக்கு மற்றொன்றாக இட்டுச் செல்லும் பெயர்ப்பு, கையிலிருந்த கருவியை மழுங்கச் செய்துவிடுகிறது.

ஒப்புமைக் கணக்குகளில் இடர் வேறுவகையானது. பின்வருமாறு ஒரு கணக்கை அமைத்துப் பார்க்கலாம்: முருகனிடம் 8 பழங்கள் உள்ளன. அவனிடம் வள்ளியைவிட 3 பழங்கள் அதிகமாக உள்ளன. வள்ளியிடம் உள்ள பழங்கள் எத்தனை? 'அதிகம்' என்பதைக் கண்டவுடன் கூட்டி 11 என்று விடையெழுதும் பிழை எல்லா மொழிகளிலும் அறியப்பட்டதே. ஆனால் தமிழில் ஒப்புமையின் சுமை முழுவதும் 'விட' என்ற சொல்லின்மேல் ஏறுகிறது. அது யாரை அடுத்து நிற்கிறது என்பதைக் கவனிக்கும் பயிற்சி மொழிப்பாடத்திலும் இல்லை, கணிதப்பாடத்திலும் இல்லை. இரு நூல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் குழந்தை விழுகிறது. மதிப்பெண் கணிதத்தில் குறைகிறது.

'உள்ளன' என்பதையும் கவனிக்கவேண்டும். வீட்டில் 'எட்டுப் பழம் இருக்கு' எனப் பேசும் தில்லிக் குழந்தை, எழுத்துத் தமிழைச் செய்தித்தாளிலோ கடைப்பலகையிலோ காணும் வாய்ப்பற்றது. அதற்கு இவ்வினைமுற்று ஒரு புதுச்சொல். எண்ணடையை அடுத்த அஃறிணைப் பெயர் 'கள்' பெறவேண்டும் என்ற கட்டாயமும் தமிழில் இல்லை. 'எட்டுப் பழம்' இலக்கணப்படி வழுவன்று. பெயர்ப்பாளர்தாம் ஆங்கிலப் பன்மைக்கு அஞ்சுகின்றனர்.

மரமும் மாடும்

சூழல் பாடத்தில் உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பகுப்பு முதன்மையானது. 'மாட்டிடமிருந்து', 'மரத்திலிருந்து' என்ற இரு வடிவங்களை ஒப்பிட்டால் ஒரு சிக்கல் புலனாகும். 'இடம்' என்பது மக்களையும் விலங்குகளையும் குறிக்கும் பெயர்களோடு வரும். மரம், கல், வீடு ஆகியவை 'இல்' என்பதையே ஏற்கும். அதாவது வேற்றுமை உருபின் கணக்கில் மரம் கல்லோடு சேர்ந்தது. பாடநூலின் கணக்கில் மாட்டோடு சேர்ந்தது. திணைப் பாகுபாட்டிலோ மரம், மாடு, கல் மூன்றும் அஃறிணை. 'குழந்தை அழுகிறது' என்ற வழக்கில் குழந்தையும் அவற்றோடு சேரும். இந்தியில் 'ஸே' என்ற ஒரே உருபு மாட்டுக்கும் மரத்துக்கும் வருவதால் இச்சிக்கல் எழாது. அங்கே கல்லும் மரமும் ஆண்பால் பெண்பால் பெற்று வேறொரு சிக்கலைத் தரும். தமிழில் இப்பாடம் எழுதுவோர், மரத்திற்கும் உயிருண்டு என்பதைக் குழந்தையின் இலக்கணத்திற்கு எதிராகவே நிறுவவேண்டியுள்ளது என்பதை உணர்தல் நன்று. தாவரத்தை ஓரறிவுயிராகக் கொண்ட தொல்காப்பிய மரபியல், இப்பணியில் அவர்களுக்குத் துணையாகக்கூடும்.

உறவுப்பெயர்களில் வேறுபாடு வெளிப்படை. சித்தப்பா என்ற ஒரு சொல் இந்தியின் 'சாச்சா', 'மௌஸா' ஆகிய இரண்டிலும் பரவுகிறது. பலர் வழக்கில் அத்தை என்பது 'பூஆ', 'மாமீ' ஆகிய இரண்டையும் குறிக்கிறது. அண்ணன், தம்பி ஆகிய இருவருக்கும் இந்தியில் 'பாயீ' ஒன்றே. இந்தி நூலில் அச்சிட்ட குடும்பமரத்தைத் தில்லித் தமிழ்க் குழந்தை தன் சொற்களால் நிரப்பினால் சில கிளைகள் இணையும், சில பிளவுபடும். அது பிழையன்று, வேறொரு வகைப்பாடு. அதனைப் பாடமாகவே ஆக்கலாம்.

இந்த வேறுபாடுகளைக் குழந்தை எங்கே சந்திக்கிறது என்பதற்கு வருவோம். 1956இல் ஏழாம் திருத்தத்தின்வழி அரசமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கை, இயன்றவிடத்து ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டுமொழியே பயிற்றுமொழியாகட்டும் என்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் லோதி எஸ்டேட், மந்திர் மார்க், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், பூசா சாலை, ஜனக்புரி ஆகிய இடங்களில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தலைநகரில் தமிழ் கற்கும் குழந்தைக்கு இவையே பெருந்துணை. ஆனால் 2025 ஜூன் முதல் நாள் ஜங்புராவின் மதராசி முகாம் நீதிமன்ற ஆணையின்படி அகற்றப்பட்டபோது, மாற்றுவீட்டுக்குத் தகுதியுடையனவாக ஏற்கப்பட்ட 189 குடும்பங்களுக்கு வீடுகள் ஒதுக்கப்பட்டது நரேலாவில். நகரின் வடகோடியிலுள்ள நரேலாவிற்கும் மேற்கண்ட ஏழு இடங்களுக்கும் உள்ள தொலைவு, ஏழு வயதுக் குழந்தை நாள்தோறும் கடக்கும் தொலைவன்று.

அங்கே அருகிலுள்ள ஏதேனுமோர் இந்திவழிப் பள்ளியில் சேரும் குழந்தை கடிகாரப் பாடத்தைக் கற்பதாகக் கொள்வோம். முட்கள் 3.45 காட்டுகின்றன. வீட்டில் அது மூன்றேமுக்கால்: கடந்த மணியோடு கூட்டியது. வகுப்பில் அது 'பௌனே சார்': வரவிருக்கும் நான்கிலிருந்து கால் குறைத்தது. 'உன்தீஸ்' என்ற பெயரில் கண்ட அதே கழித்தல் இங்கும் உள்ளது. 3.30க்கு வகுப்பில் 'ஸாடே தீன்', 2.30க்கோ 'டாயீ' என ஒரு தனிச்சொல். வீட்டில் மூன்றரை, இரண்டரை என ஒரே வாய்பாடு. இரு கணக்கும் சரியானவை. இரண்டையும் ஒரே கடிகாரத்தின் கீழ் எழுதிக்காட்டும் ஒரு பக்கத்தை இந்தியிலும் தமிழிலும் ஆக்குவது ஒரு பெயர்ப்பாளருக்கு அரைநாள் வேலை.